முதல் பஸ்ஸை மறித்தவர்

"பெத்த அப்பாவைப் பத்தின பக்கத்தையே நீக்கணும்னு எழுதியிருக்கியே, நீயெல்லாம் மனுஷனாடா?"

கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அக்கா சண்டையை ஆரம்பித்தாள்.

தம்பி ஆடிட்டர். வீட்டில் அவனுக்குப் பெயர் 'ரூல்ஸ்'. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில் அவன் சம்பளமில்லாத நிர்வாகி. ஆதாரமில்லாத கட்டுரை கண்ணில் பட்டால் போதும், நீக்கிவிட்டுத்தான் மறுவேலை. இந்தத் தடவை அவன் கை வைத்தது அக்காவின் கட்டுரையில்.

அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்த பஸ் தொழிலாளர் வேலைநிறுத்தம். போலீஸ் காவலோடு டிப்போவிலிருந்து கிளம்பிய முதல் பஸ்ஸின் முன்னால் படுத்து மறித்தார் ஒரு டிரைவர். அவர்தான் அப்பா. சின்ன வயதில் இவர்கள் சாப்பிட அடம்பிடித்தால், அப்பா இந்தக் கதையைச் சொல்லித்தான் ஊட்டுவார். அக்காவுக்கு அது வரிக்கு வரி மனப்பாடம்.

"ஆதாரம் இல்லக்கா. ஒரு செய்தி, ஒரு புத்தகம், எதுவும் கிடையாது. வீட்டுல பேசிக்கிறதையெல்லாம் வரலாறுன்னு போட முடியுமா?"

"நீ தேடிப் பார்த்தியா?"

"பார்த்தேன். கிடைக்கல." ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொன்னான். கட்டுரையை நீக்கலாமா வேண்டாமா என்று எல்லோரும் பேசும் விவாதப் பக்கத்தைக் காலையிலிருந்து திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தான். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"அங்கே ஒருத்தர், நாளைக்கு லைப்ரரிக்குப் போய்ப் பழைய பேப்பரெல்லாம் பார்க்கிறேன், அதுவரைக்கும் பொறுங்கன்னு கேட்டிருக்காரு. முன்னே பின்னே தெரியாத மனுஷன். அவருக்கு இருக்கிற அக்கறை உனக்கு இல்லையே."

"அதுக்குள்ள நீயே எடுத்துடுக்கா. எழுதினவங்களே கேட்டா உடனே நீக்கிடலாம். விவாதமே வேண்டாம்."

"ஏன்டா இப்படிப் பறக்கிற? ஒரு நாள் பொறுத்தா என்ன குடியா முழுகிடும்?"

அவன் எழுந்தான். ஜன்னல்வரை போனான், திரும்பி வந்தான், மறுபடி ஃபோனைப் பார்த்தான்.

"சரி, நான் ஒண்ணு பண்றேன்," என்றாள் அக்கா. "இந்த நிர்வாகி அந்த டிரைவரோட பையன்தான்னு அங்கே எழுதிடறேன். சொந்தக்காரங்க விஷயத்துல தலையிடக் கூடாதுன்னு உங்க ரூல்ஸ்லயே இருக்காமே."

அவன் முகம் வெளுத்தது.

"எழுதிக்கோ. என் பதவி போனாப் போகட்டும். ஆனா பக்கத்தை இன்னிக்கே எடுத்துடு. உன் கால்ல வேணாலும் விழறேன்."

ரூல்ஸ் யாரிடமும் கெஞ்சி அக்கா பார்த்ததில்லை. அதுவே அவள் ஆத்திரத்தைக் கிளறிவிட்டது.

"பொறாமைடா உனக்கு. பெத்தவர் மேலயே பொறாமை."

"எடுத்துடும்மா."

உள்ளறை வாசலில் அப்பா நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று இருவருக்குமே தெரியாது.

"அப்பா, நீங்க சும்மா இருங்க. இவன் பேச்சைக் கேட்டுக்கிட்டு..."

"சொன்னாக் கேளு. வயசான காலத்துல எனக்கெதுக்கு அதெல்லாம்."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. நீக்கச் சொல்லி ஃபோனில் இரண்டு வரி எழுதி அனுப்பினாள். "பார்த்துக்கோ, இதுதான் பெருந்தன்மை. உனக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அங்கே பாத்திரங்கள் அடி வாங்கின.

ரூல்ஸ் பொத்தென்று உட்கார்ந்தான். போன உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது அவனுக்கு.

அப்பா எதிரில் வந்து அமர்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"நீ லைப்ரரிக்குப் போயிட்டு வந்துட்ட, இல்ல?"

அவன் தரையைப் பார்த்தான்.

"போட்டோ போட்டிருந்தானா?"

"ம்."

"என் மூஞ்சி தெரியுதா?"

"தெரியுதுப்பா." கொஞ்சம் தயங்கினான். "ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க."

சமையலறையில் டம்ளர் ஒன்று விழுந்து உருண்டது. இருவரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

"கவலைப்படாதீங்க. பக்கமே இல்லன்னா அந்த ஆள் எதுக்கு லைப்ரரிக்குப் போகப் போறார்? அக்காவுக்கு எதுவும் தெரிய வராது."

அப்பா தலையாட்டினார். அவருக்கு நிம்மதி வந்த மாதிரி தெரியவில்லை. விரல்களைக் கோத்துக்கொண்டார், பிரித்தார்.

"பஸ்ஸுக்கு முன்னால படுத்திருந்தானே, அவன் பேரைப் போட்டிருந்தாங்களா?"

"இல்லப்பா. 'ஒரு தொழிலாளி'ன்னு மட்டும் இருந்தது."

"ஒரு தொழிலாளியா." அவர் அதையே மறுபடியும் முணுமுணுத்தார். "குண்டுக்கட்டாத் தூக்கிப் போட்டாங்கடா அவனை. நான் ஓரக்கண்ணால பார்த்துக்கிட்டே வண்டியைக் கிளப்பிட்டேன். அதுக்கப்புறம் அவனுக்கு யாருமே வேலை குடுக்கல. ஒண்டிக்கட்டையாவே செத்தான். இன்னிக்கு அவன் பேரைச் சொல்றதுக்கு என்னை விட்டா ஆள் இல்ல."

அப்பா நாற்காலியைப் பிடித்து எழுந்தார். சமையலறைப் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டார்.

"அந்தப் பக்கத்தை நீக்க வேண்டாம்னு எழுதும்மா. என் பேரை அடிச்சிட்டு, நான் சொல்ற பேரைப் போடு. ஆதாரம் கேட்டாங்கன்னா, அந்த பஸ்ஸை ஓட்டினவனே சொன்னான்னு எழுது."