சிப்பி ஒட்டிய பல்

ஆற்றில் வாழ்ந்த ஒரு முதலைக்குத் தன் பழுப்புப் பற்களைக் கண்டாலே வெறுப்பு. அதன் பல்லிடுக்கைக் கொத்திச் சுத்தம் செய்யும் ஆள்காட்டிக் குருவியோ, கொஞ்ச நாளாக வேறொன்றைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது.

“நிறம் கிடக்கட்டும். ஈறு வீங்கிப்போயிருக்கு. தொட்டாலே ரத்தம் வருது. முதல்ல அதை ஆற வை!”

“ஈறை யாரு பார்க்கப் போறாங்க?” என்றது முதலை.

நேரே ஆற்றங்கரை நண்டு ஒன்றிடம் போனது. முத்துச்சிப்பியை மெல்லிசாகச் சீவிப் பல்லில் ஒட்டுவதில் அந்த நண்டு கைதேர்ந்தது. முதலை வாயைத் திறந்ததும் ரத்தம் கசிந்தது. நண்டு அதைத் துடைத்துவிட்டு ஒட்டத் தொடங்கியது.

ஆள்காட்டி பறந்து வந்து நண்டின் முதுகிலேயே கொத்தியது. “கண்ணால பார்த்துட்டும் ஒட்டுறியே, உனக்கு மனசாட்சியே கிடையாதா?”

“கேட்டதைச் செய்றேன். உனக்கென்ன?”

முதலையும் சீறியது. “பொறாமை பிடிச்ச குருவி! இனிமே என் வாய்ப்பக்கம் வராதே!”

அதன்பின் முதலை வாயைப் பிளந்தபடியே வெயிலில் கிடந்தது. எல்லோரும் வியந்து பார்த்தார்கள். உள்ளே ஈறு அழுகியது. வலியை அது யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் தண்ணீர் குடிக்க வந்த எருமையின் காலைக் கவ்வியது. எருமை ஓர் உதறு உதறியது. முன்பற்கள் அத்தனையும் வேரோடு கழன்று சேற்றில் விழுந்தன.

“அடப்பாவி, என்னை என்ன பண்ணிட்டே!” என்று கரையில் இருந்த நண்டைப் பார்த்து அலறியது முதலை.

நண்டு ஒரு பல்லை எடுத்துக் கழுவி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

“என்மேல ஏன் கோபப்படுறே? நல்லாப் பாரு. நான் ஒட்டின சிப்பி கொஞ்சமாவது அசைஞ்சிருக்கா?”