ஆர்த்தி வரப் போகிறாள்

எழிலரசி ஸ்டூல் மேல் ஏறி நின்று கூரைக் கொக்கியை என்னமோ செய்துகொண்டிருந்தாள். 'போகிற போக்கில் இதையும் கழற்றிக்கொண்டு போகிறாளா?' என்று வாசலில் நின்ற வீட்டுக்காரி அருணாதேவிக்குச் சுருக்கென்றது.

கழற்றவில்லை. தன் பையன் கிடந்த தொட்டில் கம்பியைத் துடைத்து, எண்ணெய் போட்டு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆர்த்தி கொழந்தைக்கும்மா. புதுசா எதுக்கு வாங்கணும்? இது கெட்டியா இருக்கு."

அருணாதேவிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஆர்த்தியாவது, வருவதாவது! சென்னையில் புருஷனோடு குடித்தனம் நடத்துகிற மகளை இழுத்துவிட்டுச் சொன்ன சுத்தப் பொய் அது.

எல்லாம் புரோக்கர் கோபி மூட்டிவிட்டது. "ஆசிரமத்துக்குப் பின் தெரு. மாடியில நின்னா மலை தெரியுது. பதினஞ்சாயிரம் போற வீட்டை ஆறாயிரத்துக்கு வுட்டுருக்கீங்களே, உங்களை என்னா சொல்றது?" என்றான். அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஏழு வருஷம் முகம் கோணாமல் வாடகை தந்தவள் எழிலரசி. கல்யாணத்துக்கு முன்னால் ஆர்த்திக்குப் பாதி நாள் சாப்பாடே 'எழிலக்கா' வீட்டில்தான். அவளிடம் போய்ப் பதினைந்து கொடு என்று கேட்க நாக்கு எழவில்லை. அதனால், "மாப்பிள்ளைக்கு வெளியூர்ல வேலை எழிலு. ஆர்த்தி கைக்கொழந்தையோட இங்கியே வந்துடப் போறா, வீடு வேணும்" என்று போட்டுவிட்டாள்.

எழிலரசிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆர்த்தியே சொன்னாளாம்மா?" என்று மட்டும் கேட்டாள். இவள் தலையாட்டியதும் வீடு தேடக் கிளம்பிவிட்டாள். பத்தே நாளில் கீழ்பென்னாத்தூரில் வீடு பார்த்துவிட்டாள். இனி அவள் பையன் பள்ளிக்கூடத்துக்குத் தினம் பஸ்ஸில் தொங்க வேண்டும்.

ஒரு சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. போகிறவள் சமையல் மேடையைத் தேய்த்துக் கழுவி, ஒழுகின குழாயைத் தன் காசில் மாற்றி வைத்திருக்கிறாள். நாளைக் காலை பெட்டியோடு வந்து இறங்குகிறார், பதினைந்தாயிரத்துக்குக் கோபி பிடித்துக் கொடுத்த வெளிநாட்டுக்காரர். ஒரு வருஷத்துக்கு அக்ரிமெண்ட்டும் போட்டாயிற்று.

தெருவில் சாமான் ஏற்றிய வண்டி ஹாரன் அடித்தது. எழிலரசி சாவியை அவள் கையில் வைத்தாள்.

இதற்கு மேல் தாங்காது. உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடலாம். காறித் துப்பினால் துடைத்துக்கொள்ளலாம்.

"எழிலு, ஆர்த்தி விஷயத்துல நான் உங்கிட்ட..."

"வேணாம்மா, சொல்லாதீங்க. எனக்கு எல்லாம் தெரியும்."

அருணாதேவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடிப்பாவி, தெரிந்துகொண்டா தொட்டில் மாட்டினாள்? வெட்கத்தில் தலை தானாகக் குனிந்தது.

எழிலரசி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மனுஷன் ஆர்த்தியை வுட்டுட்டுப் போயி மூணு மாசமாச்சு. 'அம்மாகிட்ட எப்படிக்கா சொல்றது'ன்னு தினம் எனக்கு போன் பண்ணி அழுதுக்கினே இருப்பா. எப்படியோ உங்ககிட்ட சொல்லிட்டாளே, அது போதும்மா!"