மணிக்கு மாட்டிய காலுறை

நான் சொல்வதற்கு முன்பே அந்த அம்மாள் கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டார்.

பிறகு சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். கைப்பேசியை அணைத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடமே நீட்டினார்.

இவ்வளவு நடைமுறை தெரிகிறது என்றால் ஒரே அர்த்தம்தான். பாவம், பலமுறை எழுதிக் கோட்டைவிட்டவர்.

ஜெர்மனியில், பவேரியாக் காட்டுக்குள் இருக்கும் எங்கள் அமெரிக்க ராணுவ முகாமில் நான் தேர்வுக் கண்காணிப்பாளர். ஊரில் பாதியில் விட்டுவந்த பட்டப்படிப்பைப் படைவீரர்களும் அவர்கள் வீட்டாரும் இங்கிருந்தே முடிப்பார்கள். சில பாடங்களைக் கணினியில் தொலைதூரக் கல்வியாகப் படிப்பார்கள். சிலவற்றை வகுப்புக்கே போகாமல் ஒரே தேர்வில் தட்டித் தூக்குவார்கள்.

தூக்க முடியாதவர்களுக்காக என் மேசையில் ஒரு டிஷ்யூ பெட்டி உண்டு. அதைச் சத்தமில்லாமல் அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். லேசாகச் சிரித்தார்.

அடையாள அட்டையில் யோலாண்டா பிரிக்ஸ் என்றிருந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும். கைசர்ஸ்லாட்டர்ன் முகாமிலிருந்து தானே கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அங்கே எங்களுடையதைவிடப் பெரிய மையம் இருக்கிறதே, எதற்கு இத்தனை தூரம் என்று கேட்டேன்.

“அங்க எழுத முடியாதும்மா. கணக்கு ஒண்ணுதான் பாக்கி, இது தேறினா டிகிரி கையில. போச்சுன்னா மூணு மாசம் கழிச்சுத்தான் மறுபடி உக்கார விடுவாங்க, அதுக்குள்ள வீட்டுக்காரருக்கு மாத்தல் வந்துடும். புது ஊரு, புது காலேஜு. படிச்சதுல பாதி செல்லாதுன்னுடுவான்.”

அதற்குமேல் நான் மூக்கை நுழைக்கவில்லை. நானும் படைவீரர் மனைவிதான். எனக்கும் இரண்டு ஊர்களில் படித்ததைச் செல்லாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் அவர் மட்டும் கணினி முன் உட்கார்ந்து, தாளில் கணக்குப் போட்டுப் பார்த்து எழுதினார். நடுவில் காட்டுக்குள் பீரங்கிப் பயிற்சி தொடங்கியது. ஜன்னல்கள் அதிர்ந்தன. புதிதாக வருகிறவர்கள் அந்தச் சத்தத்தில் நாற்காலியைவிட்டு எழுந்தே விடுவார்கள். இவர் பென்சிலை மட்டும் ஒரு கணம் தூக்கிப் பிடித்து, அதிர்வு அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தார். என் காபி தொடாமலே ஆறிப்போனது.

தேர்வு முடிந்ததும் திரையில் ஒரு கேள்வி வரும். மதிப்பெண்ணைப் பார்க்கிறீர்களா, ரத்து செய்கிறீர்களா?

ரத்து செய்துவிட்டால் தோற்றதே யாருக்கும் தெரியாது. தைரியசாலிகள்கூட அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுவார்கள்.

அவர் விரலும் நின்றது.

மெல்லத் திரும்பினார். என்னைப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை, என் தலைக்கு மேலிருந்த அலமாரியைப் பார்த்தார். பிறகு திரும்பிப் பொத்தானை அழுத்தினார்.

இரண்டு கைகளும் தலைக்கு மேல் போயின.

சத்தம் போடவில்லை. தேர்வறையில் சத்தம் கூடாதே. பூனை மாதிரி வெளியே வந்து, கதவைச் சாத்தி, “ஐம்பத்து மூணு” என்றார். தேற ஐம்பது போதும்.

அவர் அழவில்லை. டிஷ்யூவை உருவியது நான்தான்.

கடைசித் தேர்வில் தேறுகிறவர்கள் மணி அடிப்பது எங்கள் வழக்கம். பசுவின் கழுத்தில் கட்டும் பவேரிய மணி, நல்ல தேங்காய் அளவு இருக்கும். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே தபாலில் வந்தது. எல்லா முகாம்களுக்கும் ஒன்று போயிருக்கிறது. அனுப்பியவர் யார் என்று யாரும் கேட்டுவைக்கவில்லை. எதிர் அறை மேஜர் தலைவலி என்று கத்தியதால் போன குளிர்காலத்தில் மணியின் நாக்குக்கு என் கணவரின் பழைய காலுறை ஒன்றை மாட்டிவிட்டேன்.

அலமாரியிலிருந்து எடுத்து நீட்டினேன். “அடிங்க மேடம். கொஞ்சம் மெதுவா.”

அவர் மணியைக் கவிழ்த்துப் பார்த்தார். காலுறையை உருவினார். இரண்டு விரலால் பிடித்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

“ஊர் ஊரா ஒவ்வொரு சென்டருக்கும் இதை அனுப்பினது சாக்ஸ் மாட்டி வைக்கிறதுக்காம்மா?”

எனக்கு உறைக்கக் கொஞ்சம் நேரமானது. கைக்கடிகாரம், சட்டைப் பைகள், மூக்குக்கண்ணாடி, அந்தச் சிரிப்பு.

தேர்வுக் கண்காணிப்பாளர் தான் வேலை செய்யும் மையத்தில் தேர்வு எழுதக் கூடாது. அந்த விதி என் முதுகுக்குப் பின்னாலும் சுவரில் ஒட்டியிருக்கிறது.

“டிகிரிய முடிங்க, டிகிரிய முடிங்கன்னு எத்தனை பேர் கையில இதைக் குடுத்திருக்கேன்,” என்றார். “நீங்க எங்க மேடம் படிச்சீங்கன்னு கேட்டா பேச்ச மாத்திடுவேன்.”

சொல்லும்போதுதான் முதல்முறையாக அவர் குரல் உடைந்தது. டிஷ்யூ பெட்டியை நீட்டினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. மணியின் வாரை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பீரங்கிச் சத்தம் ஓயும்வரை பொறுத்தார்.

பிறகு அடித்தார்.

எதிர் அறைக் கதவு திறந்தது. மேஜர் எங்களைப் பார்த்து என்னவோ சொன்னார். அது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.