தகரக் கொட்டகையில் கிவும்பியின் குரல்

கட்வே சந்தின் தகரக் கொட்டகையில் மதியக் காட்சி ஓடுகிறது. கூரை ஓட்டைகளில் ஒழுகும் வெயில் கடலைத் தொலிமேல் பொட்டுப் பொட்டாக விழுகிறது. நெஞ்சு நிறையக் குண்டு வாங்கிய நாயகன் திரையில் இன்னும் சிரிக்கிறான். எந்தத் தேசத்துப் படமோ, அதன்மேல் கிவும்பியின் லுகாண்டாக் குரல் ஏறிக் கும்மாளமடிக்கிறது. இந்தக் கொட்டகையில் மைக் பிடித்து, வெளிநாட்டுச் சண்டைப் படங்களுக்கு உள்ளூர் மொழியில் கதை சொல்லிக்கொண்டிருந்தவன் துபாய்க்கு வேலைக்குப் போனான்; திரும்பவில்லை. பதிந்த குரல் மட்டும் இங்கே இருக்கிறது. கடைசி பெஞ்சில் முக்காட்டுக்குள் நசூனா டீச்சர். கடலைக்காரி குனிந்து பார்க்கிறாள். “டீச்சர்! நீங்களுமா இந்தக் குப்பையப் பாக்குறீங்க?” “மழைக்கு ஒதுங்கினேன்.” “வெளிய வெயில் மண்டையப் பொளக்குது!” டீச்சரின் கண் திரையிலேயே இருக்கிறது. திரையில் நாயகி ஹெலிகாப்டரிலிருந்து ஒற்றைக் கையில் தொங்குகிறாள். எந்தப் படமானாலும் நாயகிக்குக் கிவும்பி வைப்பது ஒரே பெயர்தான். “நசூனா, கைய விட்டுடாத! இதோ வந்துட்டேன்!” கொட்டகை விசிலில் அதிர்கிறது. கடலைக்காரியின் சிரிப்பு நின்றுபோகிறது. நாயகன் பாய்ந்து நாயகியைத் தூக்கிவிடுகிறான். பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்திருக்கும் டீச்சரின் கை இன்னும் விடவில்லை.