வெட்டுப்பதம்

"தலைவலி மாத்திரைக்குத் தலை எங்கே இருக்குன்னு யாரு லாத்தா சொல்லிக் குடுத்தா?"

ஜவ்பர் கேட்டபோது அவனுக்கு முன்பற்கள் விழுந்திருந்தன. லாத்தா என்று அவன் கூப்பிடும் அக்காளுக்குப் பதில் தெரியவில்லை. அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

இன்று அந்தத் தலைக்குள் ஒரு கட்டி.

ஆய்வறை மின்விசிறியை நிறுத்தினாள். காற்றில் மேசைமேல் இருக்கும் சோதனைக் கூழ் அசையும். வியர்த்தது. மறுபடி போட்டாள். மறுபடி நிறுத்தினாள்.

"உக்காரேன் லாத்தா. பாக்குற எனக்கே தலை சுத்துது."

தம்பி சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் வலக்கை மடியில் கிடந்தது. சில வாரங்களாக அது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

அவள் உட்காரவில்லை.

பதில் இப்போது அவளுக்குத் தெரியும். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. மாத்திரை உடம்பெல்லாம் சுற்றும். தலைவலி மாத்திரைக்கு மூளை வழிவிடும். கட்டியைக் கரைக்கும் மருந்தை வாசலிலேயே நிறுத்திவிடும்.

அதனால்தான் இந்த ஊசி.

மயிரிழை போல ஒரு குழாய். மண்டையில் சின்னத் துளை. நேரே கட்டிக்குள், சொட்டுச் சொட்டாக மருந்து. கல்லூரி ஆய்வறையில் அவள் இதைத் தொடங்கியபோது யாருக்கென்று தெரியாது.

தெரிந்தபிறகு தூக்கம் போயிற்று.

மருந்து உள்ளே தங்கவில்லை. வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போகும் விருந்தாளி மாதிரி, ஊசி இறங்கிய வழியிலேயே மேலே ஏறி வெளியே வழிந்தது. முனையை மாற்றினாள். வழிந்தது. வழியை அடைக்கக் குழாயில் படி போல ஒரு விளிம்பு வைத்தாள். வழிந்தது.

சோதனைக்கு மூளையாக இருந்தது கடல்பாசிக் கூழ். நோன்பு திறக்கும்போது பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி, உறையவைத்து வெட்டுவார்களே, அதே பாசிதான். எடை போட்டு, வெறும் தண்ணீரில், மிகக் குறைவாகக் கலந்தால் மூளையின் மென்மை வரும்.

இன்று காலை அவள் கை ஊசிமுனையைத் திருத்துவதில் இருந்தது.

"பாசியை நான் காய்ச்சுறேன் லாத்தா. நோன்புக்குக் காய்ச்சாத பாசியா?"

அவனும் ஏதாவது செய்யட்டுமே என்று விட்டாள்.

கதவு திறந்தது. டாக்டர் கோமளவல்லி. ஜவ்பருக்கு அறுவை செய்யப்போகிறவர். இந்த ஊசியை மனிதருக்கு வைக்கலாமா என்று முடிவு செய்யும் குழுவில் பேச வேண்டியவரும் அவர்தான்.

"மருந்து மேல ஏறாம நிக்கறத என் கண்ணால பாக்கணும்மா. நின்னா இன்னைக்கே எழுதிக் குடுத்துடறேன்."

மருந்துக்குப் பதில் நீல மை. ஊசி கூழில் இறங்கியது.

முனையில் ஒரு நீலப் புள்ளி.

புள்ளி மிளகானது. மிளகு நெல்லிக்காயானது. உருண்டை. சுற்றிலும் ஒழுங்கான உருண்டை.

ஊசித்தண்டு வெள்ளையாக இருந்தது. ஒரு துளி ஏறவில்லை.

"நின்னுடுச்சும்மா!"

"அடுத்து என் தலைதானே டாக்டர்? எனக்கு நீலம் வேணாம். பச்சை ஊத்துங்க."

டாக்டர் சிரித்தார். கைப்பையில் பேனாவைத் தேடினார்.

அவளும் சிரிக்கத்தான் போனாள். வழக்கம்போல அவள் விரல்கள் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

கூழ் அதிரவில்லை.

தினமும் அதிரும். மேசையில் விரல் பட்டாலே தயிர் போலத் தளும்பும்.

இன்னொரு முறை தட்டினாள். கொஞ்சம் பலமாக.

"பாசி எவ்வளவுடா போட்டே?"

"எடையெல்லாம் யாரு பாத்தா? உம்மா மாதிரி கண்ணளவுதான். வெட்டுப்பதம் வரணும்ல லாத்தா?"

பெருமையாகச் சொன்னான்.

வெட்டுப்பதம்.

மூளைக்கு வெட்டுப்பதம் கிடையாது.

இறுகிய பாசி ஊசியைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கிறது. மை ஏற இடமில்லை. நின்றது ஊசியால் அல்ல.

டாக்டருக்குப் பேனா கிடைத்துவிட்டது. தாளை முழங்காலில் வைத்து எழுதத் தொடங்கினார்.

அவள் சன்னலுக்குப் போனாள். கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள். கிளம்பவில்லை. மேசைக்கு வந்தாள். திரும்பவும் சன்னலுக்குப் போனாள்.

சும்மா இருந்தால் போதும். கையெழுத்து விழுந்துவிடும். தம்பி தலைக்குள் ஊசி இறங்கும். பிறகு மருந்து எங்கே ஏறும், எதைச் சுடும்?

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் சிரித்திருக்கிறான்.

கத்தியை எடுத்தாள்.

சாய்வாக ஒரு கோடு. பக்கத்தில் இன்னொன்று. எதிர்ச்சாய்வில் இரண்டு. நோன்பு நாளில் அவள் கை வெட்டும் அதே வெட்டு. டைமன் வடிவத் துண்டொன்றைக் கத்திமுனையில் நெம்பி எடுத்து டாக்டர் முன் நிறுத்தினாள்.

அது நின்றது. சரியவில்லை, குலுங்கவில்லை. ஓரத்தில் கொஞ்சம் நீலம்.

டாக்டர் அதை விரலால் அழுத்திப் பார்த்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார். பேனாவை மூடினார்.

ஜவ்பர் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் சிரிப்பு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாதவன் போல இருந்தான்.

பிறகு எழுந்தான்.

"ஜவ்பரு..."

திரும்பவில்லை. வலக்கால் தரையில் உரச, கதவுவரை நடந்தான். அங்கே அலமாரியில் எடைத்தராசு இருந்தது. நின்றான். இடக்கையால் அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான்.

அடுப்பு இருந்த அறைப் பக்கம் போனான்.