நல்ல தண்ணீர்

காட்டில் ஒரு மருத மரத்தின் பொந்தில் மழைநீர் தேங்கியிருந்தது. கோடை தொடங்கி, மற்ற இடங்கள் பலவும் காய்ந்துவிட்டன. முட்டைகளைச் சுமந்துகொண்டு ஒரு சின்னக் கொசு அங்கே வந்து இறங்கியது. பொந்தின் விளிம்பில் நீலமாய் மின்னும் பெரிய கொசு ஒன்று உட்கார்ந்திருந்தது.

"அக்கா, இந்தத் தண்ணீரில் என் பிள்ளைகள் பிழைத்துக்கொள்ளுமா?"

"நான் வளர்ந்ததே இதில்தான். எனக்கு என்ன குறைச்சல்?" என்றது பெரிய கொசு. "அது சரி, உன் மூக்கு நுனியில் என்ன, இரத்தமா? சீ! நான் பூவில் இருக்கும் தேனைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை."

சின்னக் கொசு வெட்கப்பட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டது. இத்தனை சுத்தமானவள் பொய் சொல்லமாட்டாள் என்று நம்பி, முட்டைகளை இட்டுவிட்டுப் பறந்துபோனது.

"நீ புழுவாக இருந்தபோது எதைத் தின்று வளர்ந்தாய் என்று அவளிடம் சொல்லவில்லையே" என்றது பொந்து.

"அப்போது எனக்கு ஒன்றும் தெரியாத வயது."

"அந்த வருஷம் இங்கே பொரிந்த புழுக்களில் நீ ஒருத்திதான் வெளியே பறந்தாய். உன் கூடப்பிறந்தவளைக்கூட நீ தின்னாமல் விடவில்லை."

"அதை நினைத்து நான் அழாத நாள் இல்லை" என்றது பெரிய கொசு.

பிறகு எழுந்து, தண்ணீருக்கு மேலே வட்டமடித்து, தன் முட்டை ஒன்றை உள்ளே போட்டது.

"அழுகிறாய். பிறகு ஏன் இங்கேயே போடுகிறாய்?"

"வேறெங்கே போட்டாலும் என் பிள்ளை பட்டினி கிடக்குமே" என்றது அது.