ஆறு அங்குலக் கட்டு

வயிற்றுத் தசையில் வளர்ந்திருந்த கட்டியைக் கிளினிக்கில் கத்தி வைக்காமல், ஊசி வழியாகவே உறையவைத்து அழித்துவிட்டார்கள். அன்றே நாகரத்தினம் கடைவீதி வழியாக நடந்தே வீட்டுக்கு வந்தாள். கேன்சர் இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். தொப்புளுக்குப் பக்கத்தில் கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் இருந்தது.

அவள் படுத்ததும் கணவன் தங்கப்பழம் எட்டிப் பார்த்தான்.

“இன்னும் உலை வைக்கலையா?”

“எனக்கு ஆபரேஷன் ஆகியிருக்குங்க.”

“எங்க, காட்டு. இதுக்கா படுத்துக் கெடக்க? சவரம் பண்ணும்போது எனக்கு இதைவிடப் பெரிசா வெட்டும்!”

மறுநாள் அவள் மறுபடியும் கிளினிக்குக்குப் போனாள்.

“ஒரு தையலாவது போட்டு விடுங்க டாக்டரம்மா. வீட்டுல நம்ப மாட்டேங்குறாங்க.”

டாக்டரம்மா ஆச்சரியப்படவில்லை. “எத்தனை அங்குலம் வேணும்?” என்று கேட்டு, ஆறு அங்குல அகலத்துக்குக் கட்டுப் போட்டு, அதன்மேல் சிவப்பு மருந்தையும் தாராளமாகத் தடவி அனுப்பினார்.

அதைப் பார்த்த தங்கப்பழம் அடுப்படிக்கு ஓடினான். குழையக் குழையக் கஞ்சி காய்ச்சி, தானே ஊட்டினான்.

“ரொம்பப் பயந்துட்டியா புள்ள?”

கட்டி தெரிந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை நாகரத்தினத்துக்கு அப்போதுதான் வெடித்தது. வலிக்கிறது போலிருக்கிறது என்று பதறிப்போய், அவன் அந்தக் கட்டின் மேல் குனிந்து ஊதினான்.